கூலி கேட்காத படகுகள்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கடலில் இருந்த பலர் பூந்துறைக்கும் விழிஞ்ஞத்துக்கும் திரும்பவேயில்லை. எச்சரிக்கை தாமதம், தேடுதலும் தாமதம் என்று கொதித்தார்கள் திருவனந்தபுரம் மீனவர்கள்.

ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. பங்குக் கோயில்களில் அழைப்பு எழுந்தது. பிழைப்புக்கான ஒரே முதலான ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் பக்கம் விரைந்தார்கள். மொட்டை மாடிகளில் தவித்தவர்களை மீட்டார்கள். மதில்களில் மோதிப் படகுகள் உடைந்தன.

படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் என்று அறிவித்தது அரசு. உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலியா என்று மறுத்தவர்கள் உண்டு. கேரளத்தின் சொந்த ராணுவம் என்று பாராட்டினார் முதல்வர் பினராயி விஜயன்.

உதவிக்குக் காத்திருப்பவரின் தவிப்பு அந்தக் கரைக்குத் தெரியும். அதை வஞ்சமாக்காமல் அன்பாக்கியதுதான் அவர்கள் நடத்திய பாடம்.