‘மிஸ்’ அடிக்கிறதா பழைய கார்? பிளக் வாங்க ஓடும் முன் இதைப் பாருங்கள்!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் நிழலுக்கு ஒதுங்க மரம் தேட வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக்கருவேலம்தான். அந்த வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பழைய மாருதி 800 குலுங்கிக் குலுங்கி நின்றுபோனால், உள்ளே இருக்கும் குடும்பத்துக்கு அது வெறும் ரிப்பேர் செலவு மட்டுமல்ல. பெரிய வைத்தியம் என்றால் இந்தப் பக்கத்தில் பலரும் மதுரைக்குத்தான் ஓடுகிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்தே சுமார் 50 கிலோமீட்டர். அந்த அவசரத்துக்கு ஆகும் என்று நம்பித்தான் பல வீடுகளில் பழைய காரை வாங்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

“வண்டி மிஸ் அடிக்குது” என்று ஒர்க் ஷாப்பில் சொல்வது ஒன்றும் மர்மமான நோய் இல்லை. ஒரு சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போகிறது, அவ்வளவுதான். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 25 முறை தீப்பொறி விழ வேண்டும். மாருதி 800-க்கு மூன்றே சிலிண்டர். ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போச்சு. நான்கு சிலிண்டர் அம்பாசடர் எப்படியாவது வீடு வந்து சேர்ந்துவிடும். மாருதி அழுதுகொண்டே வரும். மாருதி 800 தயாரிப்பும் அம்பாசடர் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டன. ஓடிக்கொண்டிருப்பவை எல்லாமே வயதான வண்டிகள்.

பணம் போவது எங்கே என்றால், ஊகத்தில். முதலில் பிளக் செட் மாற்றுவார்கள். சரியாகாது. அடுத்து பிளக் ஒயர், பிறகு காயில், கடைசியில் கார்புரேட்டரைக் கழற்றிப் போடுவார்கள். சில ஆயிரங்கள் கரைந்த பிறகும் அதே குலுங்கல். பாகம் வாங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். எப்போது மிஸ் ஆகிறது? எந்த சிலிண்டர்?

முதல் கேள்விக்குப் பதில் வண்டி ஓட்டுபவரிடம்தான் இருக்கிறது. சும்மா நிற்கும்போது குலுங்கி, வேகம் எடுத்ததும் சரியாகிறதா? வேக்கம் ஓஸ் எங்காவது வெடித்து, கணக்கில் இல்லாத காற்று உள்ளே போகலாம். வால்வு சரியாக மூடாமலும் இருக்கலாம். சும்மா நிற்கும்போது நன்றாக இருந்து, நான்கு பேர் ஏறி மேடு ஏறும்போது மட்டும் இழுக்கிறதா? சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூடத் தீப்பொறி தாண்டுவது கஷ்டம். பலவீனமான காயிலும் இத்துப்போன ஒயரும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஒயர் கசிகிறதா என்று பார்க்க ஒரு பைசா செலவில்லை. தெருவிளக்கு இல்லாத இடத்தில், ராத்திரி, இன்ஜின் ஓட பானெட்டைத் திறந்து பார்த்தால் நீல நிறத்தில் பொறி பறப்பது தெரியும். திருச்சுழி பக்கம் இருட்டுக்கா பஞ்சம்?

இனி எந்த சிலிண்டர் என்பது. கார்புரேட்டர் வண்டியில் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பிளக்கின் ஒயரை மட்டும் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கை மாட்டி, அந்தப் பிளக்கின் உலோகம் இன்ஜினைத் தொட்டபடி வையுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சத்தம் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். எதைக் கழற்றினாலும் வித்தியாசமே தெரியவில்லையோ, அதுதான் சோம்பேறி. ஓடும்போது ஒயரைக் கையால் பிடுங்கக் கூடாது. பாய்வது பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் இன்ஜின் பக்கமே போகக் கூடாது.

சோம்பேறி சிலிண்டர் தெரிந்ததும் அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. நகராவிட்டால் பிளக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கழற்றிய பிளக்கின் நிறமும் பேசும். பிஸ்கட் நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். புழுதி அடைத்த ஏர் ஃபில்டர் இதற்கு ஒரு காரணம், கரிசல் காட்டில் அதற்குக் குறைவில்லை. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் வலி உள்ளே இருக்கிறது.

வெயில் தனிக்கதை. பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகளில் கொதிக்கும் இன்ஜினோடு ஒட்டியே பெட்ரோல் பம்ப் இருக்கும். மெக்கானிக்குகள் ‘ஏ.சி. பம்ப்’ என்பார்கள், குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சித்திரை வெயிலில் பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும் முன்பே ஆவியாகி வழியை அடைத்துவிடும். பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டு, கால் மணி நேரம் காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். அப்படிக் கிளம்பினால் பிளக்கைக் குறை சொல்லாதீர்கள். சூடானால் மட்டும் இன்ஜின் சாகிறது, பாயின்ட் செட் கருகியிருக்கிறது என்றால் கண்டென்சரைப் பாருங்கள்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் நாட்டில் அறிமுகமானது. எத்தனாலில் ஆக்சிஜன் உண்டு. அதனால் சரியாக எரிய எரிபொருள் சற்றுக் கூடுதலாகப் போக வேண்டும். அதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. பழைய ரப்பர் ஓஸ்களையும் எத்தனால் அரிக்கும், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் மூடி வைத்து, கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் வண்டிகள் கவனமாக இருக்க வேண்டும். அப்படி நிற்கும் வண்டியில் எலி குடியிருந்திருந்தால் ஒயரையும் ஒரு முறை தடவிப் பாருங்கள்.

தீப்பொறி சரி, பெட்ரோல் சரி, ஆனாலும் மிஸ் என்றால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளந்தால், அழுத்தம் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் பெரும்பாலும் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். உப்புத் தண்ணீர் பழகிய ஊர்களில் இது அடிக்கடி தலைகாட்டக் காரணம் ரேடியேட்டர். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே காரை படியும், இன்ஜின் கொதிக்கும், கேஸ்கட் கிழியும். கூலன்ட் வாங்கும் காசு அதற்குப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

எம்.பி.எஃப்.ஐ. வண்டி வைத்திருப்பவர்கள் பிளக் ஒயரைக் கழற்றும் சோதனையைச் செய்யக் கூடாது. இன்ஜெக்டரின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோலும் சேர்ந்து நின்றுவிடும். இல்லாவிட்டால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் எரியும், அது பழுக்கக் காய்ந்துவிடும். மிஸ் அடிக்கும் வண்டியை அப்படியே நெடுந்தூரம் ஓட்டினாலும் இதே கதிதான். அந்தச் சூட்டோடு கண்மாய்க் கரையில் காய்ந்த புல் மேல் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். வெறும் மண் தரையாகப் பார்த்து நிறுத்துங்கள்.