பாறை எழுப்பும் அலை

மொரிஷியஸ் தீவின் தென்மேற்கு முனையில் உள்ளது லெ மோர்ன். அங்கே கரைக்கு அப்பால், பவளப்பாறை விளிம்பில் ‘ஒன் ஐ’ என்ற அலை எழுகிறது. பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் வீரர்களிடையே அது புகழ்பெற்றது.

அந்த அலையின் ஆற்றல் தொலைவிலுள்ள தென்பெருங்கடல் புயல்களிலிருந்து வருகிறது. ஆழ்கடலில் அலை தாழ்வாகவே பயணம் செய்யும். ஆழம் குறைந்தால் வேகம் குறையும். 10 மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் நகரும் அலை, 2.5 மீட்டர் ஆழத்தில் 5 மீட்டர்தான் நகரும். முன்பகுதி மெதுவாக, பின்பகுதி நெருங்கிவர, ஆற்றல் குவிந்து அலை உயர்கிறது. அதன் உயரம் நீரின் ஆழத்தை நெருங்கும்போது முகடு கவிழ்ந்து உடைகிறது. மணற்கரையில் ஆழம் மெல்லக் குறையும்; பவளப்பாறையில் சட்டெனக் குறைவதால் அலை செங்குத்தாக எழும்.

பட்டத்தை இயக்குவது தென்கிழக்கு வியாபாரக் காற்று. காற்றின் வேகம் இரு மடங்கானால், பட்டத்தின் மீதான விசை நான்கு மடங்காகும். அதனால் பலத்த காற்றில் சிறிய பட்டமே போதும்.

ஆபத்து எங்கே? அலை வீரரைப் பட்டத்தை நோக்கித் தள்ளினால் கயிறுகள் தளரும். பட்டம் நீரில் விழும். அடுத்த அலை இரண்டையும் கூரான பவளத்தின்மீது வீசக்கூடும். எனவே வீரர் பட்டத்தை இடமும் வலமும் ஓட்டிக்கொண்டே இருப்பார். ஓடும் பட்டத்தின்மீது காற்று கூடுதல் வேகத்தில் மோதும். கயிறுகள் விறைப்பாக இருக்கும். அந்த விறைப்புதான் அவருக்குப் பாதுகாப்பு.