ரே கிராவெல்: ஓர் ஊர் தன் மொழியில் விடைகொடுத்த நாள்

2007 நவம்பர் 15. வேல்ஸின் தென்மேற்கே உள்ள லனெல்லி நகரின் ஸ்ட்ராடி பார்க் மைதானத்தில் ஏறத்தாழ 10,000 பேர் கூடியிருந்தார்கள். அன்று ஆட்டம் எதுவும் இல்லை. வேல்ஸ் கொடி போர்த்திய பேழையை ஆறு வீரர்கள் மைதானத்துக்குள் சுமந்து வந்தார்கள். புள்ளிப் பலகையில் ஒரு பழைய ஆட்டத்தின் முடிவு மட்டும் நின்றது: லனெல்லி 9, நியூசிலாந்து 3.

பேழைக்குள் இருந்தவர் ரே கிராவெல். ரசிகர்களுக்கு அவர் 'கிராவ்'.

இலங்கையில் றக்பி என்றால் கண்டி, கொழும்புப் பாடசாலைகள்தான் நினைவுக்கு வரும். தென் வேல்ஸில் அது நிலக்கரிச் சுரங்கங்களிலும் தகர ஆலைகளிலும் உழைத்தவர்களின் விளையாட்டு. 1972 ஒக்டோபர் 31 அன்று இந்த ஊர் அணி, உலகமே அஞ்சிய நியூசிலாந்தை வென்றது. அதில் ஆடியபோது கிராவுக்கு வயது 21. பின்னர் வேல்ஸுக்காக 23 சர்வதேச ஆட்டங்கள் ஆடினார். 1980 இல் பிரித்தானிய லயன்ஸ் அணியுடன் தென்னாபிரிக்காவுக்கும் போனார். நிறவெறி ஆட்சி நடந்த நாட்டுக்கான அந்தப் பயணத்தை என்னால் மெச்ச முடியவில்லை.

அவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். அவருக்கு 14 வயதாக இருந்தபோது தந்தை தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எதிரணியை மோதி விழுத்தும் அந்தப் பெரிய உடம்புக்குள் கடைசிவரை ஒரு பதற்றம் இருந்தது. "நான் நன்றாக ஆடுகிறேனா?" என்று சக வீரர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பாராம். பயத்தை மறைக்காத வீரன் என்பதாலும் மக்கள் அவரை நேசித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மொழி. 19 ஆம் நூற்றாண்டில் பாடசாலையில் வேல்ஸ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக மரத்துண்டு தொங்கவிட்ட நாடு அது. 2001 கணக்கெடுப்பில் அந்த மொழியைப் பேசியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். கிராவோ ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில், தேசியப் பாடகர் டவித் இவானின் பாடல்களை உரத்துப் பாடுவார். ஓய்வுக்குப் பின் பிபிசி வானொலியில் வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒலித்தார்.

வேல்ஸின் தேசியக் கலை விழாவான ஐஸ்டெத்வோட்டில் பெருவாளை ஏந்தும் பொறுப்பும் அவருடையது. வாள் பாதி மட்டுமே உறையிலிருந்து உருவப்படும். "சமாதானம் உண்டா?" என்று தலைமைக் கவிஞர் மூன்று முறை கேட்பார். ஒவ்வொரு முறையும் கூட்டம் முழுவதும் "சமாதானம்" என்று பதில் சொல்லும். வாள் உறைக்குள் திரும்பும். அது முழுதாக உருவப்படுவதே இல்லை. போட்டியில் வென்ற கவிஞர் அதன் பிறகுதான் ஆசனத்தில் அமர்வார்.

2007 இல் நீரிழிவு அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே பறித்தது. செயற்கைக் காலுடன் நடக்கப் பழகி, மீண்டும் மைதானத்துக்கு வந்தார். சில மாதங்களில், ஸ்பெயினில் விடுமுறையில் இருந்தபோது மாரடைப்பு. வயது 56. நாள் ஒக்டோபர் 31. நியூசிலாந்தை வென்று சரியாக 35 ஆண்டுகள்.

மறுவருடம் ஸ்ட்ராடி பார்க்கிலும் கடைசி ஆட்டம் ஆடப்பட்டது. அணி புதிய அரங்குக்கு இடம்மாறியது. அதன் வெளியே இப்போது கிராவின் சிலை நிற்கிறது.