குடியா, நோயா என்று கேட்க ஆளில்லை

காலனியில் ஒருவர் நடுராத்திரியில் தெருவில் நின்று தனக்குத்தானே பேசினால், நம்மிடம் அதற்கு ஒரே விளக்கம்தான் இருக்கிறது. "ஏத்திக்கிட்டு ஒளறுறான், விடு." ஊர்த் தெருவில் வசதியான வீட்டுப் பையன் அதே மாதிரி பேசினால், "பாவம், படிச்சுப் படிச்சு மூளை குழம்பிருச்சு" என்பார்கள். கார் பிடித்து மதுரைக்கோ திருச்சிக்கோ டாக்டரிடம் கொண்டுபோவார்கள். காலனிக்காரர் அந்த நிலையில் ஊர்த் தெருவுக்குள் போய்விட்டால் பிரச்சினையே வேறாகிவிடும். "குடிச்சிட்டு வம்புக்கு வந்தான்" என்று சொல்லி அடிப்பார்கள். அவர் அன்று ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் இருந்திருக்கலாம்.

இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று உறுதியாக நம்புவது, பேச்சு தொடர்பில்லாமல் சிதறுவது, குளிக்காமல் சாப்பிடாமல் ஒரு மூலையில் முடங்குவது. இதை மருத்துவர்கள் உளப்பிறழ்வு என்கிறார்கள். நீண்ட காலம் தொடரும் மனச்சிதைவு இதில் முக்கியமான ஒன்று. பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தொடங்கும். அதாவது, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன பிள்ளை வகுப்புக்குப் போவதை நிறுத்துகிற வயதில். காதல் தோல்வி, செய்வினை, முனி அடிச்சிருச்சு என்று வீட்டில் பல காரணங்கள் பேசப்படும். (பக்தி இலக்கியம் கடவுளையே பித்தன் என்று கொண்டாடியது. நம் தெருவில் அதே சொல் கல்லெறியத்தான் பயன்படுகிறது.) கோடாங்கியிடம் போவார்கள், குணசீலத்துக்கும் ஏர்வாடிக்கும் போவார்கள். அதற்குள் அந்தப் பையன் பாட்டிலைப் பிடித்திருப்பான். அப்புறம் எல்லாப் பழியும் பாட்டில் மேல்தான். குடிப்பதற்கு முன்பு அவன் எப்படி இருந்தான் என்று கேட்க ஆளிருக்காது.

எங்கள் பக்கத்துக் கொத்தனார் ஒருவரிடம் ஏன் குடிக்கிறாய் என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இது: "குடிச்சா ஒரு ரெண்டு மணி நேரம் அவங்க பேச மாட்டாங்கண்ணே." அவங்க என்றால் குரல்கள். என்ன பேசுவார்கள் என்று கேட்டேன். சாதிப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். "எங்கடா வந்த, வெளியே நில்லு" என்பார்களாம்.

இது விசித்திரமான விஷயமில்லை. குரல்கள் அந்தந்தச் சமூகத்தின் மொழியில்தான் பேசும். அமெரிக்க மானுடவியலாளர் தான்யா லூர்மன் குழுவினர் சென்னை, கானா நாட்டின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மாட்டேயோ ஆகிய மூன்று ஊர்களிலும், குரல் கேட்கும் நோயாளிகள் தலா 20 பேரிடம் பேசிப் பார்த்தார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் வன்முறைக் குரல்கள். சென்னையில் பலருக்குச் சொந்தக்காரர்களின் குரல் கேட்டது. குளி, வீட்டைக் கூட்டு, கடைக்குப் போ என்று அது வேலை ஏவியது. அப்படியானால் வாழ்நாளெல்லாம் ஊர் ஏசிய ஏச்சு ஒருவர் தலைக்குள் குடியேறுவதில் என்ன ஆச்சரியம்? சாதியை முன்வைத்து யாராவது இதை ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, குடித்தால் குரல் அடங்குகிறதா? சிலருக்குச் சற்று நேரம் மந்தமாகும், தூக்கம் வரும். போதை இறங்கியதும் பயமும் சந்தேகமும் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். நடுவில் மாத்திரை நின்றுபோகும். "குடிச்ச அன்னிக்கு மாத்திரை போடக் கூடாது" என்று நம் மக்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் தினமும் குடிப்பவர் தினமும் மாத்திரையை விட்டால் நோய் முழு வேகத்தில் திரும்பும். குடிப்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால், இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி போன்ற வழியை அவர் யோசிப்பார். திட்டுவாரே என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். திட்டுகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை.

பீடி, சிகரெட்டின் கதை பலருக்குத் தெரியாது. ஓலன்சபின், குளோசபின் ஆகிய மாத்திரைகளை நம் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுகிறது. புகை அந்த வேலையை வேகப்படுத்திவிடும். ரத்தத்தில் மருந்து குறையும், கொடுத்த அளவு போதாமல் போகும். ஆகவே நாளைக்கு எத்தனை பீடி என்பதும் மருத்துவருக்குத் தெரிய வேண்டிய தகவல்.

மாணவர்கள் கஞ்சாவைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். "அது செடிதானே, சரக்கு மாதிரி உடம்பைக் கெடுக்காது" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சுவீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1987இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு, புகைக்காதவர்களைவிட மனச்சிதைவு ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகமாக வந்திருந்தது. எல்லோருக்கும் வராது. குடும்பத்தில் ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்கும், பள்ளி வயதிலேயே தொடங்குபவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

தலைகீழாகவும் நடக்கும். மனநோய் இல்லாமல், பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், வலிப்புகூட வரலாம். இதைப் பேய் என்று நினைத்து வேப்பிலை அடித்து உயிரை விட்டவர்கள் உண்டு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசர நிலை இது. குடியை நிறுத்துவதையே மருத்துவர் துணையோடு செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் "அவருக்குத் தெரியாமல் குடியை மறக்கடிக்கலாம்" என்ற நோட்டீசைப் பார்த்து, நம் பெண்கள் கடன் வாங்கிப் பொடி வாங்குகிறார்கள். சாம்பாரில் கலந்து போடுகிறார்கள். குடியை வெறுக்கவைக்க மருத்துவர்கள் தரும் டைசல்பிரம் என்ற மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனச்சிதைவு இருப்பவருக்கு அது நோயையும் கிளறிவிடக்கூடும். என்ன இருக்கிறது என்றே தெரியாத பொடியை, சாப்பிடுகிறவருக்கும் தெரியாமல் கொடுப்பது எவ்வளவு பெரிய விளையாட்டு! அதிலும், சோற்றில் யாரோ விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பவரின் தட்டில்!

சிகிச்சைக்குப் போனாலும் அலைக்கழிப்புதான். தனியார் போதை மறுவாழ்வு இல்லத்தில், "இவருக்கு மனநோய், நாங்க பார்க்க மாட்டோம்" என்பார்கள். மனநல மருத்துவரிடம் போனால், "முதல்ல குடியை விட்டுட்டு வாங்க" என்ற பதில் வரும். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே குழு, ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டு பல காலமாகிறது. அமெரிக்காவில் 1990இல் வெளிவந்த பெரிய கணக்கெடுப்பிலேயே, மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்வின் ஏதோவொரு கட்டத்தில் போதைச் சிக்கல் இருந்தது தெரியவந்தது. நம் நாட்டில் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, உளப்பிறழ்வு உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. மது, போதைப்பொருளால் வரும் மனநிலைச் சிக்கல்களும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. அரசு மனநலச் சிகிச்சை பெறுவது உரிமை. சங்கிலியால் கட்டுவது குற்றம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். இன்றும் வீட்டுக் கொல்லையில் பிள்ளையைக் கட்டிவைத்திருக்கும் தாய்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கொடுமைக்காரிகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கட்டவில்லையென்றால் ஊர்த் தெருவில் அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு.

குடி நம்மிடம் எப்படி வந்தது என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். சாவுக்குப் பறையடிக்கப் போனவருக்குக் கூலியோடு சரக்கு. மலக்குழிக்குள் இறங்குபவருக்கு நாற்றம் தெரியாமலிருக்க ஒப்பந்தக்காரர் வாங்கித் தரும் குவாட்டர். கூலியைக் குறைத்து, மீதியைப் போதையாகக் கொடுத்த ஏற்பாடு இது. 1956இல் நாக்பூரில் அம்பேத்கர் தன் மக்களுக்குச் சொன்ன 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அயோத்திதாசப் பண்டிதர் பேசிய பஞ்சசீலத்திலும் அது இருக்கிறது. நம் தலைவர்கள் குடியை எதிர்த்தார்கள், சரி. அதைச் சொல்லிக்கொண்டே, நோயால் குடிப்பவரை இயக்கக் கூட்டத்திலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன். அது எந்தச் சீலத்தில் இருக்கிறது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, அமைச்சர்கள் வந்தார்கள், பத்து லட்சம் அறிவித்தார்கள். குரலோடும் குடியோடும் பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறவர் வீட்டுக்கு யார் வருகிறார்கள்?

செய்ய வேண்டியது பெரிதல்ல. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று விசாரியுங்கள். மாத்திரை இலவசம்தான். ஒரு நாள் கூலியும் இருவருக்கான பஸ் செலவும்தான் தடை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உண்டு. ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகின்றன. மனநோய் மாத்திரையும் அதே பையில் ஒவ்வொரு காலனிக்கும் வர வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கும் கிராம சபை கூடும் நாட்கள். அன்று டாஸ்மாக்கும் மூடியிருக்கும்.