கொண்டை ஊசி வளைவில் கால்குலஸ்

இன்ஜினியரிங் முதலாண்டு சேர்ந்ததும் பல வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறார்கள். பாட்டும் படமும் பார்த்து முடித்த பிறகு அதைக் கணக்குப் பாடத்திற்கும் பயன்படுத்திப் பாருங்கள். குறிப்பாக, தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள். வகுப்பில் சொன்ன 'டெரிவேட்டிவ்' பள்ளியில் படித்த வகைக்கெழுதான் என்பதே எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சூத்திரங்களை உருப்போட்டு எழுதினேன். அரியர் விழுந்தது. அந்த விடுமுறையில் ஏற்காடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இடையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சாலை. வகுத்தால் கிலோமீட்டருக்கு 40 மீட்டர் ஏற்றம். இது சராசரி மட்டுமே. அடிவாரம் வரை பஸ் ஏறக்குறைய சமதரையில் ஓடுகிறது. பிறகு டிரைவர் கியரைக் குறைக்கிறார். சக்கரம் இப்போது நிற்கும் இடத்தில் சரிவு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் 30 கிலோமீட்டரை 1 கிலோமீட்டராக, 100 மீட்டராக, 1 மீட்டராகக் குறைத்து வகுக்க வேண்டும். விடை எந்த எண்ணை நெருங்குகிறதோ அதுதான் டெரிவேட்டிவ். (மலையின் உயரத்தைக் குறைக்க முடியாது. ஆகவே 20 கொண்டை ஊசி வளைவுகள் போட்டுச் சாலையை நீட்டிச் சரிவைக் குறைத்திருக்கிறார்கள்.)

இதைக் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து கொள்ளுங்கள். தூரத்தின் வர்க்கமே உயரம் என்று ஒரு கற்பனை மலை. 3 என்ற இடத்தில் உயரம் 9. ஏ1 செல்லில் 1 என டைப் செய்யுங்கள். ஏ2-இல் =ஏ1/10 என அமைத்து 17-ஆவது வரிசை வரை இழுத்து விடுங்கள். பி1-இல் =((3+ஏ1)^2-9)/ஏ1 என அமைத்து அதையும் இழுங்கள். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். கூரைக் குறிக்கு ஷிப்ட் அழுத்தி 6.

7, 6.1, 6.01, 6.001 என்று விடை 6-ஐ நெருங்குவதைக் காணலாம். ஆனால் கடைசி வரிசையில் 0 வரும்! பதற வேண்டாம். கம்ப்யூட்டர் ஓர் எண்ணில் ஏறக்குறைய 15, 16 இலக்கங்களைத்தான் வைத்துக் கொள்ளும். அவ்வளவு சிறிய எண்ணை 3-உடன் கூட்டினால் அதற்கு 3-ஆகவே தெரிகிறது. காகிதத்தில் இந்தச் சிக்கல் இல்லை. சிறிய இடைவெளியை எச் என்போம். மேலே 6எச் + எச் வர்க்கம். எச்-ஆல் வகுத்தால் 6 + எச். எச் குறையக் குறைய 6. லிமிட் என்றால் எச்-ஐ நேராக 0 ஆக்குவது அல்ல என்று எனக்குப் புரிய வைத்தது இந்தத் தவறான 0-தான்.

இன்னொரு மார்க் போகும் இடம்: டெரிவேட்டிவ் 0 என்றால் உச்சி என்று எழுதி விடுவது. 1,623 மீட்டர் உயரச் சேர்வராயன் உச்சிக்கு ஏறும்போது சரிவு பிளஸ், உச்சியில் 0, இறங்கும்போது மைனஸ். ஏற்காடு ஏரியின் நீர்ப்பரப்பிலும் சரிவு 0-தான், அங்கே உச்சி ஏது? ஆகவே 0 வந்த இடத்திற்குச் சற்று முன்னும் பின்னும் குறி மாறுகிறதா என்று பார்த்துவிட்டு விடை எழுதுங்கள்.