ஒப்பாரிக்குள் இருக்கும் குடும்பக் கதை



வலப்பனை, இராகலைப் பக்கத்து லயங்களில் அம்மாயிமார் பாடுகிற தாலாட்டையும் ஒப்பாரியையும் "பழைய காலத்து இழுவை" என்று இளசுகள் சிரிக்கிறார்கள். அந்த இழுவைக்குள்ளே என்ன இருக்கிறது என்று இம்முறை பார்ப்போம்.

தாலாட்டு மெட்டு எந்த லயத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பாடுகிறவர் அதற்குள்ளே தன் பிள்ளையின் மாமன் பெயர், மாமன் கொண்டுவரும் சீர், பாட்டன் விட்டுவந்த ஊர் எல்லாவற்றையும் வைத்து விடுவார். ஒப்பாரியும் அப்படியே. செத்தவர் எந்த மலையில் கவ்வாத்து வெட்டினார், யாரோடு கோவித்துக்கொண்டு தோட்டம் மாறினார், கடைசியில் வாயில் தண்ணி ஊற்றியது யார் என்பதெல்லாம் அழுகையோடு அழுகையாக வந்துவிடும். ஆகவே ஒருவர் பாடியது இன்னொருவரிடம் அப்படியே இராது. அவர் போனால் அதுவும் போச்சு.

எழுத்தில் இருப்பதுதானே சாட்சி என்பார்கள். நம் எழுத்தின் கதை தெரிந்ததுதான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் பாட்டன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்த மனுசனிடம் பத்திரம் ஏது? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்றானது. கோச்சியேறிப் போன அந்த அண்ணன் பெயர் இன்று வீட்டில் எந்தக் கடுதாசியிலும் இல்லாமலிருக்கலாம். அம்மாயி பாட்டில் இருக்கும்.

இதை முன்பே உணர்ந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அவர் திரட்டிய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாக வந்தது. அடுத்த வருசமே அவர் காலமானார்.

மாசியில் காமன் கூத்து ஆடுகிறோம். தப்பு இல்லாமல் காமனும் இல்லை, ரதியின் அழுகையும் இல்லை. அன்று விடியற்காலை பெரட்டுக்குக் கூப்பிட்டதும் அதே தப்புதான். கூத்துக்குத் தப்பு வேண்டும், அடிக்கிறவர் மட்டும் இஸ்தோப்புக்கு வெளியே நிற்க வேண்டுமா? இந்த வழக்கம் நமக்குப் பிடிக்கவில்லை, சொல்லி வைக்கிறோம்.

இப்போது பெரும்பாலான வீட்டில் ஒரு போன் இருக்கிறது. அம்மாயி பாடும்போது பதிந்து வையுங்கள். முதலில் பெயர், பிறந்த தோட்டம், யாரிடம் கேட்டுப் பழகினார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம். ஒன்று கவனம்: சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடச் சொன்னால் ஆகாது என்று ஏச்சுத்தான் கிடைக்கும். வெயில் நேரம் பார்த்துப் பீலிக்கரைக்கோ தேயிலை ஓரத்துக்கோ கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.