செங்கல் நிறமும் ஆறு புள்ளி எட்டும்

எங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரை என்று முதலில் சொன்னது எறும்பு. கொல்லையில் அவர் ஒதுங்கும் இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பெரியம்மாதான் பார்த்தார். எழுபதுகளின் நடுவில், கும்பகோணம் பக்கத்து ஊர். டவுன் டாக்டர் சொல்லி அனுப்பியது ஒரே வரி: "இனிப்பைத் தொடாதீங்க."

அதன்பிறகு வீட்டில் ஒரு குட்டி லேப் உருவாயிற்று. கண்ணாடிக் குழாயில் பெனடிக்ட் என்ற நீலக் கரைசல் 5 மில்லி. அதில் சிறுநீர் எட்டுச் சொட்டு. ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். பிள்ளைகள் நாங்கள் தீபாவளி மத்தாப்பைப் பார்ப்பதுபோல் சுற்றி நிற்போம். நீலம் நீலமாகவே நின்றால் பெரியப்பா முகத்தில் சிரிப்பு. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறத்தில் நின்றால் அன்றைக்குப் பெரியம்மாவுக்குத்தான் திட்டு.

நீலம் வந்த நாளில் நோய் போய்விட்டது என்று அவர் நம்பினார். அதிரசம் ஒன்றுக்கு இரண்டாக உள்ளே போகும். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் எட்டிப் பார்க்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. காபிக்குச் சர்க்கரையை நிறுத்தியவர், சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார். சோறு இனிக்கவில்லையே!

சென்னையில் நிலைமை வேறாகத்தான் இருந்தது. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே ஸ்டான்லியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, 1954-ல் ராயபுரத்தில் மருத்துவமனையும் கட்டிவிட்டார். அந்த வெளிச்சம் எங்கள் ஊர்வரை வரவில்லை. வீட்டில் பெண் இருந்தால் வியாதியின் பெயரைக்கூட வெளியில் சொல்ல மாட்டார்கள். இன்சுலின் ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று அர்த்தம். பெரியப்பாவும் அதை ஒத்திப்போட்டுக்கொண்டே போனார்.

இப்போது அவர் மகனுக்கு, எங்கள் அண்ணனுக்கு, 62 வயது. பார்க்கில் நடக்கும்போது "பாஸ்டிங் 118, போஸ்ட் 172, ஏ1சி 6.8" என்று மார்க் ஷீட் வாசிப்பதுபோல் சொல்வார். கேட்பவர் பதிலுக்குத் தன் எண்ணைச் சொல்வார். ஒளிவுமறைவு போயே போய்விட்டது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்ன பிறகு, எதை ஒளிக்க? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரியப்பா காலத்தில் இதைச் சொன்னால் கேலி செய்கிறோம் என்று நினைத்திருப்பார்.

எண் தெரிந்த அளவுக்கு நோய் தெரிந்திருக்கிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். 2000-களின் தொடக்கத்தில் சென்னையில் 26,001 பேரிடம் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வில், நீரிழிவு என்ற பெயரை அறிந்தவர்கள் முக்கால்வாசிப் பேர். ஆனால் அது மற்ற உறுப்புகளையும் கெடுக்கும் என்று அறிந்தவர்கள், நோயாளிகளிலேயே நூற்றுக்குச் சுமார் 41 பேர்தான். அதன்பின் எவ்வளவோ மாறியிருக்கும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று வாரம் ஒரு செய்தி வருகிறது. கட்டுப்படாத சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கும் என்று நான் பதில் போட்டால் ஒரு கும்பிடு வருகிறது, அவ்வளவுதான். கருப்பட்டிக் காபி வேறு. கருப்பட்டியிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். ராத்திரிக்குச் சோறு கூடாது என்று ஐந்து சப்பாத்தி சாப்பிடுகிறார் அண்ணன். பெரியப்பாவின் அதிரசம் எனக்கு ஞாபகம் வருகிறது.

டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் வாயைக் கட்டும் வித்தையும் அண்ணனுக்குத் தெரியும். பாஸ்டிங் அதற்கு மசியும், ஏ1சி மசியாது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடுகிறது. "அது ஒண்ணுதான் என்னை மாட்டி விடுது" என்பார்.

போன மாதம் தெருமுனை மண்டபத்தில் இலவச முகாம். அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, நர்ஸ் ஒரு நைலான் இழையால் அவர் உள்ளங்காலைத் தொட்டார். இழை வளையும் அளவுக்கு மெல்ல அழுத்த வேண்டும். உணர்ச்சி இருந்தால் தெரியும். "தொடும்போது சொல்லுங்க சார்" என்றார். பெருவிரலில் தொட்டார். குதிகாலில் தொட்டார். விரல்களுக்குக் கீழே இரண்டு இடத்தில் தொட்டார். நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கண்ணை மூடியபடியே கேட்டார்: "எப்பம்மா ஆரம்பிக்கப் போறே?"